பிரேக் அக்காவின் இருமல்

அந்த டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த எல்லோரும் முதல் வாரத்தில் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். அக்கா இருமினால் பிரேக்கை மிதித்துவிடுவார்கள்.

"நான் இருமினேன். நிறுத்தச் சொல்லலை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று அக்கா கத்துவாள். கத்தியதும் மறுபடி இருமல் வரும். மறுபடி பிரேக். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள். இப்படித்தான் அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் பிடித்திருக்கிறதா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

பிரேக் போட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. கரகரப்பு, செருமல் என்று முன்னறிவிப்பே இல்லாமல், பூட்டிய அறைக்குள் பெரிய நாய் ஒன்று குரைத்தது போல அந்த இருமல் வெடிக்கும். ஒருமுறை லிஃப்டில் பக்கத்தில் நின்றவர் குனிந்து அவள் காலடியில் நாயைத் தேடினார். சினிமாவுக்குப் போவதை அக்கா எப்போதோ விட்டுவிட்டாள். திரையில் யாராவது சாகும் நேரமாகப் பார்த்துத்தான் அது வரும்.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. குள்ளமான உருவம். பயிற்சியாளர் இருக்கையில் ஒரு மெத்தைத் துண்டைப் போட்டு உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு பாதத்தை வைத்திருப்பாள். "கண்ணாடியைப் பாரு. உன் தலைமுடியைப் பாக்கறதுக்கு இல்லை, பின்னாடி வர்றவனைப் பாக்கறதுக்கு" என்பாள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். அதனால் முதலாளி அவள் இருமலைப் பொறுத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு கடுமையான நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் தொடங்கியது. காய்ச்சல் போனது, இருமல் போகவில்லை. நெஞ்சு டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். விசில் சத்தம் கேட்டது. ஆஸ்துமா என்றார். உறிஞ்சும் மருந்து ஒன்று கொடுத்தார். அது கேட்காததால் நீல நிறத்தில் இன்னொன்று, அப்புறம் ஊதா நிறத்தில் ஒன்று. பிறகு மாத்திரைகள். மாத்திரையில் அக்காவின் முகம் உப்பி, கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருந்தது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

"மருந்தை ஒழுங்கா எடுக்கறீங்களா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"எடுக்கறேன் சார்."

"உறிஞ்சுற முறை தப்பா இருக்கும்."

உறிஞ்சிக் காட்டுவாள். முறை சரியாகத்தான் இருக்கும். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவார்.

ஊதும் பரிசோதனை என்று ஒன்று உண்டு. ஒரு குழாயை வாயில் வைத்து, நெஞ்சில் இருக்கும் காற்றையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அங்கிருந்த பெண் கைதட்டிக் கத்தினாள். அக்கா பலம் கொண்ட மட்டும் ஊதினாள். பாதியில் யாரோ தொண்டைக்குக் கீழே கையை விட்டுக் குழாயைப் பிடித்து நெரித்தது போலக் காற்று நின்றது. அடுத்த நொடி அந்தக் குரைப்பு. கண்ணில் நீர் கொட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறிக்கையில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

"நான் ஒத்துழைக்கலையாம்" என்று வீட்டில் அந்தக் காகிதத்தைக் கணவன் மடியில் வீசினாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. காகிதத்தை எடுத்துப் படித்து, மடித்து, மேஜைமேல் வைத்தார். "மருந்து போட்டியா?" என்றார். அவர் அன்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. அக்காவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறும்.

கணவனின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், பக்கத்துத் தெருவில் இருந்தாள். தன்னிடம் யோசனை கேட்க யாரும் இல்லாததால் கேட்காதவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பவள். தலையணையை மாற்றச் சொன்னாள். திரைச்சீலைகளைக் கழற்றச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து வை என்றாள், அடுத்த வாரம் மூடி வை என்றாள். கடைசியில் ஒரு நாள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "உன் மனசுல ஏதோ அடைச்சுக்கிட்டு இருக்கு. அதான் இருமலா வருது. எல்லாத்தையும் வெளிய கொட்டிடு" என்றாள்.

"கொட்ட ஆரம்பிச்சா உங்களைப் பத்தினதுதான் அண்ணி முதல்ல வரும்" என்றாள் அக்கா.

நாத்தனார் இரண்டு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு மாதமும் இருமல் குறையவில்லை என்பதால், மனசில் அடைத்திருந்தது அவள் இல்லை என்று உறுதியானது.

ஸ்கேனும் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்தார்கள். "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சொன்னது. இழுத்துப் பிடித்தாள். படம் சுத்தமாக வந்தது. "எல்லாம் நார்மல்" என்றார் நெஞ்சு டாக்டர், ஏதோ பரிசு கொடுப்பது போல.

"நார்மல்னா நான் ஏன் சார் இப்படிக் குரைக்கறேன்?"

"சில பேருக்கு டென்ஷன்லயும் வரும்மா."

டென்ஷன் எதனால் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது வெளியே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்படி வருஷங்கள் ஓடின. மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பையில் எதையோ தேடுவது போல நடிக்கப் பழகிக்கொண்டாள். சிரிப்பை அடக்கப் பழகினாள், சிரித்தாலும் இருமல் வரும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சாய்ந்தே தூங்கினாள். கோபத்தை மட்டும் அடக்க அவளால் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கிட்டத்தட்ட அக்கா வயதுதான். ஆபரேஷன் தியேட்டரில் எத்தனையோ உயிர்களைக் கையில் பிடித்து வைத்திருந்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வெலவெலத்துப் போவார். கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்டபடியே இரண்டையும் சேர்த்து மிதிப்பார்.

"டாக்டரம்மா, நீங்க ஓட்டறது காரா, தையல் மெஷினா?"

"சாரிக்கா."

"சாரி எனக்கு எதுக்கு? அதோ போறாரே, அந்த சைக்கிள்காரருக்குச் சொல்லுங்க."

ஒரு மத்தியானம். கட்டடம் கட்டிக்கொண்டிருந்த தெரு ஒன்றில் கார் போய்க்கொண்டிருந்தது. திருப்பம் வந்தது. டாக்டரம்மா நேராகவே போனார். "திருப்புங்க! ஸ்டியரிங்கைத் திருப்புங்க!" என்று அக்கா கத்தினாள். அந்தக் கத்தலிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. இந்த முறை அது விடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இடையில் காற்று வரவும் இல்லை, போகவும் இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிரேக்கின் மேலிருந்த கால் நழுவியது. தலை கண்ணாடியில் சாய்ந்தது.

டாக்டரம்மா வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல், சரியான நேரத்தில், சரியான பெடலை மிதித்தார். கார் குலுங்கி, தெருவோரம் கொட்டியிருந்த மணலில் மூக்கை நுழைத்து நின்றது. அதற்கப்புறம் அவர் கை வெலவெலக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, அக்காவின் தாடையைத் தூக்கிப் பிடித்து, மூச்சைக் கவனித்தார்.

அக்கா சீக்கிரமே கண்ணைத் திறந்துவிட்டாள். "ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?" என்றாள்.

"இல்லை."

"முதல்ல அதைப் போடுங்க."

போட்டார். பிறகு டாக்டரம்மா கேட்டார். "அக்கா, உங்களுக்கு மூச்சை இழுக்கறது கஷ்டமா, விடறது கஷ்டமா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

"விடறதுதான்" என்றாள். "இழுத்தா வந்துடும். விடப் போனா நடுவுல பிடிச்சுக்கும்."

"பலமா விட்டா?"

"இன்னும் மோசம்."

"ஸ்கேன் எடுத்தப்போ மூச்சை வெளிய விடச் சொன்னாங்களா?"

"இழுத்துப் பிடிக்கத்தான் சொன்னாங்க."

டாக்டரம்மா ஸ்டியரிங் மேல் விரலால் தட்டினார். "நான் சொல்றது தப்பாகவும் இருக்கலாம். நான் நெஞ்சு டாக்டர் இல்லை. ஆனா ஆபரேஷன்ல தினமும் மூச்சுக்குழாய்க்குள்ளதான் டியூப் போடறேன். அது ஒரு குழாய். அதுல வளையம் வளையமா குருத்தெலும்பு இருக்கும். வளையம் பின்பக்கம் மட்டும் மூடியிருக்காது, அங்க மெல்லிசா ஒரு ஜவ்வு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியும், குழாயும் சேர்ந்து விரியும். விடும்போது நெஞ்சு எல்லாத்தையும் பிதுக்கும். மத்தவங்க குழாய் அந்தப் பிதுக்கலைத் தாங்கும். உங்களோடது தளர்ந்துபோய் உள்ளே விழுந்து ஒட்டிக்குதோன்னு எனக்குச் சந்தேகம். இழுத்தாத் திறக்கிற கதவை, திறக்கலையேன்னு இன்னும் வேகமாத் தள்ளினா எப்படி இருக்கும்? நீங்க இருமற ஒவ்வொரு தடவையும் அதுதான் நடக்குது."

"அப்ப ஆஸ்துமா மருந்து?"

"அது சின்னக் கிளைக் குழாய்ங்க சுருங்கினா விரிக்கற மருந்து. பெரிய குழாய் சுவரே தளர்ந்திருந்தா அதுக்கு அங்க என்ன வேலை?"

அக்கா வெளியே மணலைப் பார்த்தாள். "ரிவர்ஸ் எடுங்க" என்றாள்.

மயக்கம் போட்ட செய்தி முதலாளிக்குப் போனது. அடுத்த நாளே அவளைக் காரிலிருந்து இறக்கி, உள்ளே சாலைக் குறியீடுகள் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் உட்கார வைத்தார். அது நியாயம்தான். ஆனால் சுவரில் மாட்டிய படங்களைக் குச்சியால் காட்டி "இது குறுகிய பாலம்" என்று தினமும் சொல்வது, அக்காவுக்கு இருமலைவிடப் பெரிய வியாதியாக இருந்தது.

நெஞ்சு டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னது? மயக்க மருந்து டாக்டரா? அவங்க தூங்க வெக்கிற வேலையைப் பாக்கட்டும். நீங்க சொல்ற வியாதியெல்லாம் ரொம்ப அபூர்வம்மா."

"அபூர்வம்னா யாருக்குமே வராதா சார்?"

"வரும். ஆனா உங்களுக்கு ஏன் வரணும்?"

வீடு வரை அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் ஸ்கேன் மையத்துக்கே நேராகப் போய்ப் பார்த்தாள். "மூச்சை வெளிய விடும்போது படம் எடுங்க" என்றாள். "மெஷின்ல அப்படிச் சொல்ற ரெக்கார்டிங் இல்லையே மேடம்" என்றான் அங்கிருந்தவன். "நானே எனக்குச் சொல்லிக்கறேன்" என்றாள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் டாக்டரம்மாதான் வேறொரு ஊரில், பெரிய மருத்துவமனையில் இருந்த தன் வகுப்புத் தோழருக்குப் போன் செய்தார். அந்த டாக்டருக்கு மூச்சுக்குழாய் மட்டுமே வேலை. கணவன் லீவு போட்டுவிட்டு உடன் வந்தார். ரயிலிலிருந்து இறங்கும்போது, "இதுவும் நார்மல்னு சொன்னா, இன்னொரு இடம் பாப்போம்" என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மருந்து போட்டியா என்று கேட்காத முதல் நாள் அது.

அங்கே படுக்க வைத்து, "இப்ப மூச்சை வேகமா விடுங்க" என்றார்கள். விட்டாள். குரைத்தாள். படம் எடுத்தார்கள். மறுநாள் தொண்டையை மரத்துப்போக வைத்து, பாதி விழிப்பில் வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கினார்கள். இருமும்மா, விடும்மா, இழுத்துக்கோம்மா என்று டாக்டர் சொல்லச் சொல்லச் செய்தாள். பிறகு அந்த வீடியோவை இருவருக்கும் போட்டுக் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். மூச்சை விட்டதும் பின்சுவர் புடைத்து முன்னால் வந்து, வட்டம் பிறையாகி, பிறை கோடாகி, கோடும் மறைந்தது. இழுத்ததும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி வட்டம்.

"கிட்டத்தட்ட முழுசா மூடுது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல" என்றார் டாக்டர். "டிரேக்கியோபிராங்கோமலேசியா. மூச்சுக்குழாயும் அதோட பெரிய கிளைகளும் தளர்ந்துபோறது."

"ஏன் வந்துச்சு?" என்று கணவன் கேட்டார்.

"சில பேருக்குப் பிறவியிலேயே. சில பேருக்கு அடிக்கடி வந்த சளிக் காய்ச்சலால, நாள்பட்ட அழற்சியால. இவங்களுக்கு எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியலை."

அக்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். "இத்தனை வருஷத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், மூச்சை விடுன்னு சொல்லியிருந்தா போதுமே" என்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று சொன்னாள். கணவன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அழுகை இருமலாக மாறியதும் அதற்கும் எரிச்சல் வந்தது. நிம்மதியாக அழக்கூட விடாத வியாதி.

ஊருக்குத் திரும்பியதும் நாத்தனார் வந்தாள். வியாதியின் பெயரைச் சொன்னார்கள்.

"மலேசியாவா? நீ எப்ப மலேசியா போனே?"

"போகலை அண்ணி."

"பின்ன அங்கேயிருந்து யாராவது வந்தாங்களா?"

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். கணவன்தான் பொறுமையாக, தன் சட்டைக் கையை ஊதியும் அமுக்கியும் நாத்தனாருக்கு விளக்கினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு நாத்தனார், "அப்ப ஆஸ்துமாதானே?" என்றாள்.

பெயர் தெரிந்ததால் வியாதி போய்விடவில்லை. முதலில் ஒரு முகமூடி கொடுத்தார்கள். தூங்கும்போது மாட்டிக்கொண்டால் இயந்திரம் காற்றை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தம் குழாயை விழாமல் தாங்கும். பல வருஷங்களுக்குப் பிறகு அக்கா நன்றாகத் தூங்கினாள். தூங்காதவர் கணவன். இயந்திரம் போட்ட சத்தத்தைவிட, இருமல் கேட்கவில்லையே என்று பயந்து எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். கோபம் வரும்போதெல்லாம் அப்படி ஊதிக்கொண்டே சாலைக் குறியீடுகளைக் காட்டினாள். வகுப்பில் இருந்தவர்கள் அவள் விசில் பழகுகிறாள் என்று நினைத்தார்கள்.

பிறகு பெரிய மருத்துவமனை டாக்டர், மூச்சுக்குழாய்க்குள் சில நாட்களுக்கு மட்டும் ஒரு சிலிக்கான் குழாயை வைத்துப் பார்க்கலாம் என்றார். மூச்சுக்குழாயைத் தாங்கிப் பிடித்தால் அவளுக்கு நிஜமாகவே குணம் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை. வைத்த மறுநாள் அக்கா ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறினாள். பாதியில் நிற்கவில்லை. மேலே போய் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "படி இவ்வளவுதானா?" என்று கேட்டாள். ஆனால் அந்தக் குழாயிலேயே சளி சேர்ந்து அடைக்கத் தொடங்கியது. எடுக்க வேண்டி வந்தது. எடுத்ததும் பழைய குரைப்பு அப்படியே திரும்பியது. நல்ல மூச்சு என்றால் என்னவென்று காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. அந்த வாரம் அவளிடம் யாராலும் பேச முடியவில்லை.

ஆபரேஷனுக்கு அவளே சரி என்றாள். விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, மூச்சுக்குழாயின் தளர்ந்த பின்சுவரில் வலைத்துணி மாதிரி ஒன்றை வைத்துத் தைத்து, விறைப்பாக நிறுத்துவது. வலித்தது. இருமச் சொன்னார்கள், சளியை வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். "இத்தனை வருஷம் இருமாதேன்னீங்க, இப்ப இருமுங்கறீங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்று நர்ஸிடம் பாய்ந்தாள். மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே படுத்தாள். கணவன் தலை சீவிவிட்டார். வகிடு ஒருநாளும் நேராக வரவில்லை. அவள் ஒருநாளும் சும்மா இருக்கவில்லை.

இப்போது இருமல் இருக்கிறது, ஆனால் மனிதர்கள் இருமுகிற இருமல். பழைய குரைப்பு அடங்கி, டாக்டர்கள் சரி என்று சொன்ன பிறகே முதலாளி அவளைத் திரும்பக் காரில் ஏற்றினார். வேகமாக நடந்தால் இன்னமும் இளைக்கும். சளிக் காய்ச்சல் வந்தால் பயம் வரும்.

சில மாதங்களுக்கு முன் பெரிய மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இதே வியாதியுள்ள ஒருவர் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார், பேச முடியுமா என்று கேட்டார்கள். தன்னைப் போல இன்னொரு உயிர் இருக்கிறது என்று கேட்டதுமே அக்கா சரி என்றாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டாள்.

அவர் ஒரு துணிக்கடை விற்பனையாளர். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் அவரே பேசினார்.

"உங்களுக்கு எவ்வளவு மூடுச்சு?"

"தொண்ணூறுக்கு மேலன்னு சொன்னாங்க."

"எனக்குத் தொண்ணூத்தஞ்சு" என்றார், பெருமையோடு. பிறகு குரைத்தார். அந்தச் சத்தத்தைப் போனில், இன்னொருவர் தொண்டையிலிருந்து கேட்டபோது அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் போன். கேட்டதையே கேட்பார். சொன்னதை மறுப்பார். "உங்களுக்கு வலது பக்கம் திறந்தாங்க, சரி. எனக்கு இடது பக்கம் படுத்தாத்தான் தூக்கம் வரும், அதுக்கு என்ன பண்றது?" என்பார். "அவர்கிட்ட என்னால முடியலை" என்று அக்கா கணவனிடம் புலம்புவாள். போன் அடித்தால் ஓடிப் போய் எடுப்பாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை போன் வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பயமா இருக்கா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"வலிக்கும். நல்லாவே வலிக்கும். யாராவது வலிக்காதுன்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒரு நாள் எழுந்து உக்காந்து, நெஞ்சுல இருக்கிற காத்தையெல்லாம் ஒரே மூச்சா வெளிய விடுவீங்க. நடுவுல எதுவும் பிடிக்காது. அப்ப எனக்குப் போன் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி பண்ணாதீங்க."

சில வாரங்கள் கழித்துப் பண்ணினார். ஆபரேஷன் நன்றாக நடந்திருந்தது. நர்ஸ், தலையணை, பக்கத்துப் படுக்கைக்காரர், ஜன்னல் வழியாகத் தெரிந்த மரம் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். அக்கா போனை மேஜைமேல் வைத்துவிட்டு, காயப்போட்ட துணிகளை மடித்து முடித்தாள். போனில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னாடியாவது நடுவுல இருமல் வந்து நிறுத்தும்" என்றாள் கணவனிடம். "இப்ப அதுவும் இல்லை."